தந்தை வழியும் தன் வழியும்

போடிநாயக்கனூரினின்று மேற்கு நோக்கி மலையேறிப் போடிமெட்டைக் கடப்போர் ஏலக்காடுகளின் நாட்டினுள் நுழைகின்றனர். உடும்பஞ்சோலைத் தாலுகா அப்பாலே விரிந்து கிடக்கின்றது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது தேவிகுளம், பீர்மேடு ஆகியவற்றோடு இப்பகுதியும் கேரளத்தின்பால் நின்றது. 1972 சனவரி 26 முதல் இடுக்கி மாவட்டத்தின் ஒரு கூறாயிற்று. போடியிலும் கம்பத்திலுமிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர், நடுத் திருவிதாங்கூரினின்று குடியேறிய கிறிஸ்தவ உழவர், இசுலாமியர், மன்னான், முதுவான் என்னும் மலைக்குடியினர் ஆகிய பல திறத்தாரும் கலந்து வாழும் நிலம் அது. மாரியம்மன் கோயிலும் மாதா கோயிலும் பள்ளிவாசலும் ஒரே மலைச்சாலையில் அடுத்தடுத்து நிற்பது அங்கே புதுமையன்று.

அந்நிலத்தில் நின்று ஒருவன் தன்னையே ஒன்று வினவிக்கொள்வானாக. இவ்வீட்டிற் பிறந்த குழந்தை மாரியம்மனைத் தொழுகின்றது. சாலைக்கு அப்பால் ஐம்பதடித் தொலைவிற் பிறந்த குழந்தை மாதாவைத் தொழுகின்றது. அடுத்த வளைவிற் பிறந்த குழந்தை ஐவேளைத் தொழுகைக்குப் பயிற்றப்படுகின்றது. மூவரையும் அழைத்து, "நீ ஏன் இவ்வாறு தொழுகின்றாய்?" என்று கேட்டால், "எம் தந்தையார் தொழுதனர், அவர் தந்தையாரும் தொழுதனர்" என்னும் ஒரே விடைதான் மூவர் வாயிலும் வரும். மூன்று சமயங்களும் தம்முள் மாறுபடுகின்றன. மூன்றிற்கும் காட்டப்படும் ஆதாரமோ ஒன்றாகவே இருக்கின்றது. ஒன்றற்கொன்று மாறுபட்ட கொள்கைகள் அனைத்தையும் ஒருங்கே மெய்ப்பிக்கும் ஆதாரம் எதனையும் மெய்ப்பிக்காத ஆதாரமேயன்றோ?

இவ்வாறு கேட்பதனால் எந்தச் சமயத்தையும் நாம் பழித்தவர்களாக மாட்டோம். முன்னோர் கூறியவை பொய் என்பதும் இதன் பொருளன்று. முன்னோர் கூறினர் என்பது மட்டுமே ஒன்றை மெய்யாக்காது என்பதே இங்குக் கொள்ளத் தக்கது.

சிகாலன் கண்ட திசைகள்

இவ்வினா புதிதன்று. இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இல்லறத்தான் ஒருவன் வைகறையில் எழுந்து, நனைந்த ஆடையும் நனைந்த கூந்தலுமாக நகர்ப்புறத்தே நின்று, கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, கீழ், மேல் என்னும் ஆறு திசைகளையும் கைகூப்பித் தொழுதுகொண்டிருந்தான். பிட்சைக்கு வந்த புத்த பகவான் அதன் காரணத்தை வினவினார். இறக்குந் தறுவாயில் தன் தந்தை அவ்வாறு செய்யுமாறு பணித்தார் என்றும், அச்சொல்லை மதித்தே தான் அதனைச் செய்வதாகவும் அவன் விடை பகர்ந்தான்.

இஃது உள்ளத்தைத் தொடும் விடையாகும். சிகாலன் மூடனல்லன், அன்புடைய மகன். மரபு வழிபாட்டை விடாது பற்றி நிற்போருட் பெரும்பாலோர் அறியாமையால் மட்டும் நிற்பவரல்லர். இறந்த தாயின் முகமும் தந்தையின் குரலும் அவ்வழிபாட்டிற் கலந்து கிடத்தலாலேயே அதனை விட மாட்டாது நிற்கின்றனர். இதனை உணராது அவர்களை நகையாடுவோன் தன்னைப் பகுத்தறிவாளன் என்று சொல்லிக்கொள்ளலாம். மனிதரை அறிந்தவன் ஆகான்.

பகவான் சிகாலனை நகையாடவில்லை. தந்தையின் சொல்லைக் காப்பாற்று என்று கூறி வாளா போய்விடவும் இல்லை. அறவோர் நெறியில் ஆறு திசைகள் அவ்வாறு தொழப்படுவன அல்ல என்று தெளிவாகக் கூறினார். பின்னர்ப் பெற்றோரைக் கிழக்காகவும், ஆசிரியரைத் தெற்காகவும், மனைவி மக்களை மேற்காகவும், நண்பரை வடக்காகவும், பணியாளரைக் கீழ்த்திசையாகவும், துறவிகளை மேல்திசையாகவும் கொண்டு, ஒவ்வொருவர்க்கும் செய்தற்குரிய கடமைகளை விரித்தார். பணியாளர்க்கு அவர் வலிமையறிந்து வேலை பகிர்தல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், அரிய உணவைப் பகிர்ந்தளித்தல், உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தல் என்னும் ஐந்தும் அவற்றுட் சேர்ந்தன.

மகனின் அன்பு போற்றப்பட்டது. பொருளற்ற சடங்கு நீக்கப்பட்டது. நீங்கிய இடத்தில் பொருளுள்ள கடமை வைக்கப்பட்டது. மரபை வினவுவோர் கைக்கொள்ள வேண்டிய முதற்பாடம் இதுவாகும்.

காலாமர்க்குச் சொல்லாதது

கோசல நாட்டுக் கேசபுத்தம் என்னும் ஊரினரான காலாமர் ஒருமுறை பகவானிடம் முறையிட்டனர். வருகின்ற ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் கொள்கையை உயர்த்திப் பிறர் கொள்கையை இகழ்கின்றனர். யாரை நம்புவது எனத் தெரியாது ஐயுறுகின்றோம் என்றனர். ஐயுறத் தக்க இடத்திலேயே நீங்கள் ஐயுற்றீர்கள் என்று பகவான் அவர்களைப் பாராட்டினார். ஐயத்தைப் பாவமெனக் கருதும் நெறிகள் பலவற்றிடையே, ஐயத்தை அறிவின் வாயிலாகக் கொண்டது இது.

பின்னர் அவர் பத்து ஆதாரங்களை எண்ணி, இவற்றால் மட்டும் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டா என்றார். செவிவழிச் செய்தி, பரம்பரை, ஊர்ப்பேச்சு, நூல் வழக்கு ஆகிய நான்கும் அவற்றுள் அடங்கும். இந்நான்கையும் நம்மிற் பலர் அடிக்கடி எடுத்துரைக்கின்றோம். ஆனால் அப்பட்டியல் அத்துடன் முடியவில்லை. வெறுந் தர்க்கம், அனுமானம், மேற்போக்கான எண்ணம், தம் கருத்தோடு ஒத்திருத்தல், சொல்பவரின் தகுதி, 'இவர் எம் ஆசிரியர்' என்னும் மதிப்பு ஆகியனவும் அதிற் சேர்ந்துள்ளன. இவ்வாறினைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இன்று பலர் காலாம சூத்திரத்தை மனம் போன போக்கிற்கு வழங்கிய உரிமைச் சீட்டாகக் கருதுகின்றனர். 'எனக்குச் சரியென்று படுவதை நான் ஏற்பேன், படாததைத் தள்ளுவேன், அதுவே என் வழி' என்கின்றனர். 'தம் கருத்தோடு ஒத்திருத்தல்' போதாது என்று பகவான் கூறியதை அவர்கள் கவனித்திலர். தந்தையின் சொல்லை ஆராயாது ஏற்பவன் ஒருவன். தன் விருப்பத்தை ஆராயாது ஏற்பவன் மற்றொருவன். ஆராயாமை என்னும் குற்றம் இருவர்க்கும் பொதுவே.

அவ்வாறாயின் உரைகல் யாது? ஒரு கொள்கையைக் கைக்கொண்டு ஒழுகுங்கால் பேராசையும் பகையும் மயக்கமும் வளர்கின்றனவா, தேய்கின்றனவா? அதனால் தனக்கும் பிறர்க்கும் தீங்கு விளைகின்றதா, நலம் விளைகின்றதா? அறிவுடையோர் அதனைப் பழிக்கின்றனரா, புகழ்கின்றனரா? இவற்றை நீங்களே கண்டறியுங்கள் என்பதே காலாமர் பெற்ற விடை. புட்டடியிலும் போடியிலும் ஏலம் கூறுமிடத்து, வாங்குபவர் தோட்டக்காரரின் குலப்பெருமையைக் கேட்டு விலை வைப்பதில்லை. காயின் நிறத்தையும் பருமனையும் நோக்குகின்றார். லிட்டர் எடை எவ்வளவு எனக் கேட்கின்றார். ஒரு காயைப் பிளந்து உள்ளே ஏலரிசி கறுத்து முதிர்ந்திருக்கின்றதா என்று பார்க்கின்றார். விலை கொடுத்து வாங்கும் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி செய்யும் நாம், வாழ்நாள் முழுமையையும் ஒப்படைக்கும் கொள்கைக்கு ஒரு காயையும் பிளந்து பாராதிருத்தல் தகுமா?

மணிமேகலை கேட்ட கேள்விகள்

உடும்பஞ்சோலைக்குத் தெற்கே, குமுளியை அடுத்த பெரியாற்றுக் காட்டு மலைமேல் மங்கலதேவி கோயில் என்னும் பழங்கோயில் உள்ளது. கண்ணகி கோட்டம் அதுவே எனத் தமிழறிஞர் பலர் கருதுவர். ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரைப் பௌர்ணமியன்று, இரு மாநில மக்களும் திரண்டு சென்று வழிபடுகின்றனர். அங்குச் செல்வோருள் எத்துணைப் பேர் நம் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில் அக்கண்ணகி பேசும் பகுதியை அறிவர்?

கணிகையர் குலத்தில் மாதவி மகளாகப் பிறந்தவள் மணிமேகலை. குலத்தொழிலே அவட்கு அறம் எனப் பாட்டி சித்திராபதி வற்புறுத்தினாள். அஃதும் முன்னோர் வழிதான் என்பதை மறத்தல் கூடாது. பரம்பரை என்னும் சொல் தெய்வத்தை மட்டும் கொடுப்பதில்லை. பலர்க்கு இழிவையும் விலங்கையும் அதுவே கொடுத்துள்ளது. மணிமேகலை அதனை மறுத்தாள். பின்னர் வஞ்சி நகர் புகுந்து கண்ணகியின் படிமத்தைத் தொழுது நின்றாள். தெய்வமாகிவிட்ட கண்ணகி தன்னை மட்டும் தொழுது அமைக எனக் கூறவில்லை. சினத்தால் மதுரையை எரித்த வினையின் பயன் தன்னையும் விடாது என்றும், தானும் பின்னொரு பிறப்பில் பகவானின் அறங்கேட்டே வீடு பெறுவாள் என்றும் உரைத்து, பிற சமயத்தார் கூறுவனவற்றையெல்லாம் முதலிற் கேட்டறியுமாறு ஏவினாள். இளம்பெண் என்பதனால் எவரும் நின்னிடம் மெய்ப்பொருள் பேசார். ஆதலின் வேற்றுருக் கொள்க என்றும் கூறினாள். வினவும் உரிமை அன்றும் எல்லார்க்கும் எளிதிற் கிடைத்திலது என்பது இதனாற் புலனாகும்.

மணிமேகலை மாதவன் வடிவு கொண்டு அளவைவாதி, சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியவாதி, வைசேடிகவாதி, பூதவாதி ஆகிய பதின்மர் உரைகளையும் கேட்டாள். காட்சியன்றி வேறு அளவை கொள்ளேன் என்ற பூதவாதியை நோக்கி, நின் பெற்றோரை இவரே பெற்றோரென நீ அனுமானத்தாலன்றி வேறெவ்வாறு அறிவாய் என வினவினாள். எல்லாவற்றையும் மறுப்போனும் கேள்விக்கு உட்பட்டவனே என்பது அதன் கருத்து.

இங்கே நாம் கருதத் தக்கது ஒன்றுண்டு. மணிமேகலையின் தாய் மாதவி முன்னரே அறவண அடிகளிடம் அறங்கேட்டவள். கோவலன் தந்தையாகிய மாசாத்துவானும் பௌத்தத் துறவு பூண்டவன். பௌத்தம் மணிமேகலைக்கும் குடும்பச் செல்வமே. தாய் வழியில் வந்தது என்று அவள் அதனை எளிதில் ஏற்றிருக்கலாம். ஆயினும் பத்துச் சமயங்களைக் கேட்ட பின்னரே காஞ்சியில் அறவண அடிகளை அடைந்து தருமத்தைக் கேட்டுத் தவம் பூண்டாள். ஆதலின் இவ்வினா பிற சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. நம் இல்லங்களிற் பிறந்து, பொருளறியாது திரிசரணம் ஓதி, 'நாங்கள் பௌத்தர்' என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் அஃது உரியது. ஆராயாது பெற்ற பௌத்தமும் ஒரு பரம்பரைப் பழக்கமே. 'நூல் வழக்கால் மட்டும் ஏற்காதே' என்ற விலக்கு திரிபிடகத்திற்கும் சேர்த்தே கூறப்பட்டதாகும்.

திரும்புதலும் தேர்தலும்

தமிழ்நாட்டில் இவ்வினாவைத் தம் வாழ்க்கையாலேயே எழுப்பியவர் அயோத்திதாசப் பண்டிதர். 1845-இல் தோன்றிய அவர் சித்த மருத்துவர். இளமையில் நீலகிரியில் வாழ்ந்தபோது அத்துவைதானந்த சபையை நிறுவியவர். எடுத்த எடுப்பிலேயே அவர் பௌத்தரானவர் அல்லர். 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் தம் மக்களுக்குக் கோயில் நுழைவு வேண்டினார், அது மறுக்கப்பட்டது. 1898-இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்று மீண்டார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. 1907 சூனில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் தொடங்கிற்று. கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் முதல் இரங்கூன் வரை கிளைகள் பரவின. 1914-இல் அவர் மறையும் வரை அப்பணி தொடர்ந்தது.

தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்களே பூர்வ பௌத்தர் என்றும், தருமத்தைக் கைவிடாமையாலேயே இழிவுபடுத்தப்பட்டனர் என்றும் அவர் உரைத்தார். பௌத்தத்தை ஏற்றல் மதமாற்றமன்று, தம் வீட்டிற்குத் திரும்புதலே என்பது இதன் உட்கருத்து. வரலாற்றாசிரியர் அனைவரும் இதனை முழுமையாக ஏற்றிலர். நாளை ஒரு கல்வெட்டு கிடைத்து, நம் முன்னோர் பௌத்தரல்லர் என உறுதிப்படுமாயின், கொல்லாமையும் கள்ளாமையும் பொய்யாமையும் தம் மெய்ம்மையை இழந்துவிடுமா? இழக்கா. முன்னோர் வழி என்பது மாரியம்மன் வழிபாட்டிற்குப் போதிய ஆதாரமன்று எனின், பௌத்தத்திற்கும் போதிய ஆதாரமன்று.

எனினும் பண்டிதர் கூறியதன் தேவையை நாம் உணர வேண்டும். உனக்கு முன்னோரே இல்லை, இருந்தாரேல் அடிமைகளே என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட ஒருவனிடம், 'பரம்பரையை மறந்து நீயே சிந்தி' என்பது எளிது. நிமிர்ந்து நின்று சிந்திக்க அவனுக்கு முதலில் ஒரு தரை வேண்டும். அத்தரையை அளித்தார் பண்டிதர். அதன்மேல் நின்று ஆராய்ந்து நடத்தல் ஒவ்வொருவரும் தாமே செய்ய வேண்டிய பணி. விஞ்ஞானப் பேராசிரியராகிய இலட்சுமி நரசு 1907-இல் வெளியிட்ட தம் ஆங்கில நூலில், பரம்பரையை விடுத்து அறிவோடு பொருந்துவதே கொள்ளத்தக்கது என்ற நிலையில் நின்று தருமத்தை விளக்கினார். அந்நூலின் 1948-ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு முன்னுரை எழுதியவர் டாக்டர் அம்பேத்கர்.

மலையாள நாட்டிலும் இவ்வினா எழுந்தது. இரவிபேரூரில் 1879-இல் பிறந்த பொய்கையில் அப்பச்சன், சமத்துவம் நாடிக் கிறிஸ்தவ சபைகளிற் சேர்ந்து போதகராய் விளங்கினார். அங்கும் சாதி தம் மக்களைப் பிரித்து வைத்திருப்பதைக் கண்டு வெளியேறிப் பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபையைத் தோற்றுவித்தார். ஒரு மதத்தை விட்டு இன்னொன்றிற் புகுந்தவர், புகுந்ததையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். அவர் கண்ட முடிவு நம் முடிவன்று. அவரது நேர்மையை மட்டும் நாம் வணங்க வேண்டும்.

டாக்டர் அம்பேத்கர் 1935-இல் இயோலா மாநாட்டில் தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என அறிவித்தார். அவர் நாகபுரியில் தீட்சை பெற்றதோ 1956 அக்டோபர் 14-இல். இடையில் சென்றவை 21 ஆண்டுகள். மறுப்பதற்கு ஒரு நாள் போதும். தேர்வதற்கு நெடுங்காலம் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

விலையும் நன்றியும்

தன் வழி தேடுவோன் அதற்குரிய விலையையும் அறிந்திருத்தல் வேண்டும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை முதலில் பெரும்பாலும் இந்து சமயத்தாரையே கருதியது. 1956-இல் சீக்கியரும், 1990-இலேயே பௌத்தரும் அதனுட் சேர்க்கப்பட்டனர். நாகபுரித் தீட்சைக்குப் பின் 34 ஆண்டுகள், மனச்சான்றின் வழி நடந்தோர் மத்திய அரசின் அவ்வுரிமையை இழந்தே வாழ்ந்தனர். சட்டத்தினும் கடுமையான விலையை வீடு கேட்கும். திருவிழா நாளன்று தாய் கண்ணீர் விடுவாள். திருமணப் பேச்சு தடைப்படும். இறந்தார்க்குக் கொள்ளி வைக்கும் வேளையில் உறவினர் முகம் திருப்புவர். ஏலக்காட்டில் அன்றாடக் கூலிக்குச் செல்லும் ஒருவன் தன் உறவினரை இழந்தால், நோய் வந்த நாளில் அவனுக்குக் கஞ்சி வைக்க யார் உளர்? இதனை எண்ணாது, 'உடனே உதறுக' என உபதேசித்தல் எமக்கு உடன்பாடன்று.

ஈண்டு உபாலியின் கதை வழிகாட்டும். நிகண்டரின் சீடனாகிய உபாலி என்னும் செல்வன் பகவானோடு வாதிடச் சென்று, அவர் உரையால் தெளிந்து, சரணம் வேண்டினான். பகவான் மகிழ்ந்து ஏற்கவில்லை. நன்கு ஆராய்ந்து செய்க, நின்போல் அறியப்பட்டவர் ஆராய்ந்து செய்தலே நன்று என்றார். பின்னும் அவன் உறுதியாய் நின்றபோது, நின் இல்லம் இதுகாறும் நிகண்டர்க்கு நீரூட்டிய கிணறாக இருந்தது; அவர்க்கு இடும் உணவை நிறுத்தற்க எனப் பணித்தார். கொள்கை மாறலாம், இட்ட கை மாறுதல் ஆகாது. தாயின் தெய்வத்தை நம்பாத மகன் தாயைக் கோயில் வாயில்வரை கைப்பிடித்து அழைத்துச் செல்லலாம். அதனால் அவன் கொள்கை கெடாது. அவன் மறுக்க வேண்டியவை உயிர்ப்பலியும் சாதி இழிவும் பொய்யும் ஆகும். இவற்றில் அவன் வளைதல் ஆகாது. மற்றையவற்றிற் பொறுமை காத்தல் கோழைத்தனமன்று, கருணையே.

ஆகவே மூன்றினை நெஞ்சில் நிறுத்துவோமாக. தந்தை வழி என்பதனால் ஒன்று மெய்யாகாது. தந்தை வழி என்பதனால் பொய்யாகிவிடவும் மாட்டாது. தன் விருப்பமும் உரைகல்லன்று. ஒழுகிக் காணும் பயனே உரைகல். விட்டுச் செல்வோன் விடப்பட்டோரைப் பகைத்தல் கூடாது.

இனி, தன் வழியைத் தான் கண்டதாகக் கூறும் ஒருவனை நாம் எவ்வாறு அறிவது? வைகறையில் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து சீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலையேறும் பெண்கள் ஏலக்காட்டில் நாள் முழுதும் குனிந்து நின்று காய் பறிக்கின்றனர். சிகாலன் கேட்ட ஆறு திசைகளுள் கீழ்த்திசை அவர்களே. அவர்களுக்கு உரிய கூலியை உரிய நாளில் அளித்து, நோயுற்றால் மருந்து தேடித் தந்து, வலிமையறிந்து வேலை பகிரும் தோட்டக்காரன் எந்தக் கோயிலுக்குச் செல்பவனாயினும் தருமத்தின் ஒரு திசையைத் தொழுதவனே. அவர் கூலியைக் குறைத்துவிட்டு மாலையில் புத்தர் படத்திற்கு விளக்கேற்றுவோன், எத்துணை நூல்களை ஆராய்ந்து சமயம் மாறியவனாயினும், இன்னும் நனைந்த ஆடையோடு வெறுந்திசையைத் தொழுதுகொண்டே நிற்கின்றான்.